இருவர் எடை

அவள் பைக்கின் பின்சக்கரத்தின் பக்கத்தில் முழங்காலிட்டு, கறுப்புத் திருகை வலப்பக்கமாகத் திருப்பினாள். ஸ்பிரிங் இறுகியது.

எழுந்து வந்து ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உட்காருங்க."

அவன் வாசற்படியில் ஏறி நின்றான். அங்கிருந்து காலைத் தூக்கிப் பின்னிருக்கையில் போட்டு, மெல்ல உட்கார்ந்தான்.

வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

"ரொம்ப அமுங்குது. இறங்குங்க."

இறங்கினான். அவள் மறுபடியும் முழங்காலிட்டாள்.

மங்கையர்க்கரசியின் வண்டியில் இதுவரை பின்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் ஒருத்திக்கும் இரண்டு பைகளுக்கும் பழகிய ஸ்பிரிங் அது.

அவள் கணவன் பரந்தாமனுக்குத் தனி வண்டி இருந்தது. பெரியது. பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு ஹெல்மெட் படம் வரும், ஒருவர் எடைக்கு. இன்னொரு முறை அழுத்தினால் இரண்டு. கல்பாதைக்கு வேறொரு பட்டன். மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

இருவரும் அவரவர் வண்டியில் லடாக் போனபோது, பாதை மோசமாகும் இடத்திலெல்லாம் அவள் இறங்கித் திருகைத் திருப்புவாள். அவன் எஞ்சினை அணைக்காமலே காத்திருப்பான்.

"முடிஞ்சுதா, மெக்கானிக்கம்மா?"

கம்பம்மெட்டு இறக்கத்தில் ஒருநாள் அவனுடைய வண்டி சறுக்கியது. அவன் முதுகெலும்பில் தகடு வைத்தார்கள்.

அதன்பிறகு ஒன்றரை வருடம். கார் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனான், வந்தான். பேச்சு குறைந்துபோனது. செருப்பு வாரை அவள்தான் மாட்டிவிட்டாள். கையிலிருந்து பேனா விழுந்தால், அவள் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

போன வாரம் டாக்டர் சொன்னார்.

"எலும்பு நல்லாச் சேர்ந்திருச்சு. தாராளமாக் குனியலாம். வண்டியில பின்னாலகூட உட்காரலாம். ரொம்பக் குலுங்காமப் பாத்துக்குங்க."

 

இன்று காலை அவன் தன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் சாவியை எடுத்தாள்.

போடியிலிருந்து முந்தல்வரை போவதென்று முடிவு. மலை ஏறுவதற்கு முன்பே திரும்பிவிடுவது.

ஏலக்காய் மணந்த கடைத்தெருவைத் தாண்டினார்கள். மாந்தோப்புகள் வந்தன. சாலை நன்றாகத்தான் இருந்தது. அவன் சீட்டின் பக்கத்துக் கம்பிகளை இறுகப் பிடித்திருந்தான். அவளைத் தொடவில்லை.

முதல் வேகத்தடை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் அவனும் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

ஏறியது மெத்தென்று இருந்தது. இறங்கியதும் பின்சீட் அவனைத் தூக்கி உதைத்தது.

"ஸ்ஸ்."

புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள்.

"வலிக்குதாங்க? திரும்பிடலாமா?"



ஒரு பஸ் கடந்து போனது. அதன் புழுதி அடங்கியது.

"அரசி."

"ம்."

"நீ ஸ்பிரிங்கை இறுக்கினதோட விட்டுட்ட. இறுக்கினா அது வேகமா எழும்பும். அந்த வேகத்தைக் குறைக்கத் தனியா ஒரு திருகு இருக்கு. என் வண்டியில ரெண்டு ஹெல்மெட்டை வச்சா எல்லாத்தையும் அதுவே மாத்திக்கும். உன்னோடதுல நாமதான் பண்ணணும்."

அவன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அவள் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு சக்கரத்தருகே குந்தினாள்.

"எங்க இருக்கு?"

"கீழ. ஷாக் அப்சார்பருக்கு அடியில."

"தெரியலையே."

"இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம் போ."

போனாள். எண்ணெயும் மண்ணுமாக அப்பியிருந்தது.

"இதுவா?"

"அது போல்ட்டு."

"அப்ப இது?"

"தள்ளு."

தள்ளினாள்.

அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குந்தினான். ஒரு கையைத் தரையில் ஊன்றினான். தலையைச் சாய்த்து, நன்றாகக் குனிந்து, உள்ளே பார்த்தான். நகத்தால் மண்ணைச் சுரண்டினான். பார்க்காமலே கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையில் ஸ்குரூடிரைவரை வைத்தாள்.

டிக். டிக்.

"சீட்டை அமுக்கி விடு."

அமுக்கி விட்டாள். வெடுக்கென்று எழும்பியது.

டிக்.

"இப்ப?"

மறுபடி அமுக்கினாள். நிதானமாக எழும்பியது.

"இன்னொரு தடவை அமுக்கு."

அமுக்கினாள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொன்னால், தான் குனிந்து குந்தியிருப்பது அவனுக்கு நினைவு வந்துவிடும்.

அவனாகவே எழுந்தான். உள்ளங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"ம். எடு வண்டியை."

அடுத்த வேகத்தடை.

ஏறியது. இறங்கியது. அவ்வளவுதான்.

அதற்கடுத்தது வந்தபோது அவள் மூச்சைப் பிடிக்க மறந்துபோயிருந்தாள்.

முந்தல் சோதனைச்சாவடி வந்தது. சாலை அதற்கப்பால் மலைமேல் ஏறி, ஒரு வளைவில் மறைந்தது. அவள் திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போட்டாள்.

தோளில் ஒரு தட்டு.

"ஏன் திரும்புற?"

"மேல பூராவும் வளைவுங்க."

"தெரியும். மெதுவாப் போ."

இண்டிகேட்டர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அணைத்தாள்.

முதல் கொண்டை ஊசி வளைவு. அவள் வண்டியைச் சாய்த்தாள்.

அவனுடைய இரண்டு கைகளும் கம்பியை விட்டு அவள் இடுப்புக்கு வந்தன. அவள் சாய்ந்த பக்கமே அவனும் சாய்ந்தான்.