அம்பு காட்டும் பக்கம்

"சார், நீங்களே பாருங்க. அம்பு மேல பாக்குது. முதல்ல படியற பருமணல் கீழ இருக்கு, அப்புறம் படியற நுண்மணல் மேல இருக்கு. எல்லாம் படிஞ்சது படிஞ்சபடியே கிடக்கு. இதுல தலைகீழா என்ன இருக்கு?"

ஆராய்ச்சி மாணவியின் குரலில் வெற்றி இல்லை, தயக்கம்தான் இருந்தது. பேராசிரியருக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பல்கலைக்கழகத்தின் கல் மாதிரிக் கிடங்கில், இரும்பு மேசைமேல் அந்தப் பாறைத்துண்டு நின்றது. பாறையைப் பெயர்க்கும் முன்பே, வானத்தைப் பார்த்த பக்கத்தை நோக்கி ஓர் அம்பு போட்டுவிடுவது இவர்கள் தொழிலில் முதல் பாடம். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் கடலோரக் குன்று ஒன்றில் அவரே தன் கையால் சிவப்பு அம்பு போட்டுப் பெயர்த்த கல் இது.

ஆதியில் மலை எழுந்த வேகத்தில் கரையோரப் படிவுகள் குப்புறப் புரண்டன, கண்டத்தின் விளிம்பை உருவாக்கியதே அந்த மலைதான் என்று இந்த ஒரு கல்லை வைத்துத்தான் அவர் புத்தகம் எழுதினார். அன்றிலிருந்து அவர் 'மலை சார்'.

"அப்போ மலை இந்தக் கரையைத் தொடவே இல்லைங்கிறே."

"தொடலை சார். பின்னால கண்டம் பிளந்தப்போ உண்டான விளிம்புதான் இது."

மறுபடி போய்ப் பார்க்கலாமென்றால் அந்தக் குன்றைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. குறிப்பேடு கரையான் வாயில் போனது. பருமணல் மேலே இருந்ததாகத்தான் அவருக்கு நினைவு. ஆனால் நெற்றியில் கண்ணாடியை வைத்துக்கொண்டே அதை வீடெல்லாம் தேடுகிற வயதில், நினைவை நம்பி யாரோடு மல்லுக்கு நிற்பது? அலுப்பாக இருந்தது. முதுகு வேறு வலித்தது.

"அம்பைக் கவனிக்காம நான்தான் எழுதியிருக்கேன்மா. என் புத்தகம் தப்புன்னு நானே எழுதித் தரேன்."

எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அதைப் படமெடுத்து, தன் கட்டுரையோடு ஆய்விதழுக்கு அனுப்பினாள். "போயிடுச்சு சார்" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாழ்நாள் உழைப்பு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கல்லை எடுத்து வைக்கக் கிடங்குக்காரர் வந்தார்.

"இத்தனை வருஷமாகியும் இந்த அம்பு மங்கவே இல்லை பாருங்க. நான்தான் மங்கிட்டேன்" என்று பேராசிரியர் சிரிக்கப் பார்த்தார்.

கிடங்குக்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"மங்காம எங்க சார் இருக்கும்? சுத்தமா அழிஞ்சே போயிருந்துது. போன வருஷம் மேலிடத்துலேருந்து பார்வையிட வராங்கன்னு நான்தான் புதுசா போட்டேன். எது மேல், எது கீழ்னு யாருக்குத் தெரியும்? எப்படி வெச்சா ஆடாம நிக்குதோ அப்படி வெச்சுப் போட்டுட்டேன்."

பேராசிரியர் அம்பைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கல்லுக்கா?"

"இது ஒண்ணுக்கு மட்டும் போட்டா நல்லாவா இருக்கும் சார்? எண்ணூறு கல்லுக்கும் போட்டுட்டேன்."