வோல்மரின் விமானம்

விமான ஆலையின் வரைபட அறையில் கெர்டா தன் பங்குக் கறுப்பு ரொட்டியைப் பக்கத்து மேஜை ஹெட்விக் பக்கம் தள்ளினாள். "இதையும் தின்னுட்டு அந்த இறக்கைப் படத்தை முடிச்சுக் குடுடி. நாளைக்கு பெர்லின்லேருந்து ஆளுங்க வர்றாங்க."

யுத்த காலத்தில் ரேஷன் ரொட்டியை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? ஹெட்விக் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் புருஷன் செத்தது வோல்மர் வடிவமைச்ச விமானத்துல. அந்தாளோட அடுத்த விமானத்துக்கு நீ இப்படி உழைக்கிற. எதையாவது தப்பா வரைஞ்சு வச்சு அவரைக் கவுக்கப் பாக்குறியா?"

"ஒரு கோடு தப்பா இருந்தாக் காட்டு. இப்பவே திருத்தறேன்."

காட்ட ஒன்றும் இல்லை. மற்றவர்கள் விட்ட பிழைகளைக்கூட கெர்டாதான் தேடிப் பிடித்துச் சரி செய்திருந்தாள். இரண்டு எஞ்சின் வைத்த அந்தப் பெரிய சண்டை விமானம் பறந்தே ஆக வேண்டும். கணவன் போன நாளிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

"வால் மட்டும் போன தடவை மாதிரியே ஒல்லியா இருக்கே," என்றாள் ஹெட்விக்.

"அது வோல்மர் சார் தன் கையால வரைஞ்சது. அதுல கை வைக்க நாம யாரு?"

வடிவமைத்தவரே முதலில் ஓட்டிக் காட்டுவது அந்த ஆலையின் வழக்கம். போன தடவை வோல்மருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கெர்டாவின் கணவன் யூர்கன் ஏறினான். வானத்தில் வால் முறிந்தது. விமானத்தில் குறையே இல்லை, ஓட்டினவன்தான் சொதப்பிவிட்டான் என்று விசாரணையில் சாதித்துவிட்டார் வோல்மர்.

மறுநாள் பெர்லின்காரர்கள் மரத்தில் செய்த முழு அளவு மாதிரியைச் சுற்றி வந்தார்கள். உள்ளே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் பெரிய அதிகாரி. "ஆனா இனிமே ஒத்தை எஞ்சின் விமானம் மட்டும்தான். இவ்வளவு அலுமினியத்துக்கு எங்க போறது? இதை உடைச்சு அடுப்பெரிங்க."

கெர்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். "ஒண்ணே ஒண்ணு கட்டிப் பாருங்கய்யா. ஒரே ஒரு தடவை பறந்தாப் போதும்."

அதிகாரி சிரித்தார். "வோல்மர், உம்மை விட இந்தப் பொம்பளைக்குத்தான்யா ஆசை அதிகம்."

கார்கள் போய்விட்டன. மர இறக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கெர்டா குலுங்கிக் குலுங்கி அழுதாள். வோல்மர் அவள் தோளில் கை வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"உன் புருஷன் பண்ண தப்பை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்மா. என் விமானத்துக்காக நீ ஏன் இப்படி அழற?"

கெர்டா அவர் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"முதல் தடவை நீங்கதானே சார் ஏறியிருப்பீங்க."