பவளம் வெள்ளையடித்த கதை

கடலடியில் ஒரு பவளத்துக்கு ஆயிரம் வாய். அத்தனை வாய்க்கும் சோறு போட்டது அதன் வீட்டில் குடியிருந்த பாசிதான். பவளம் இருக்க இடம் கொடுத்தது. பாசி வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போட்டது.

அந்தக் கோடையில் கடல் தண்ணீர் சுட்டது. பவளத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன் அடுப்பாலதான் வீடே வேகுது. கிளம்பு வெளியே!" என்று ஆயிரம் வாயாலும் கத்தியது.

"அக்கா, என் அடுப்பு எப்பவும் எரியிற மாதிரிதான் எரியுது. கரையில இருக்கிறவங்க விட்ட புகை வானத்தைப் போர்வை மாதிரி மூடியிருக்கு. கடலே கொதிக்குது," என்றது பாசி.

"எதிர்த்துப் பேசாதே!"

பாசி அழுதுகொண்டே போனது. வீட்டின் நிறமும் அதோடு போனது. வெக்கை மட்டும் போகவில்லை.

மூன்றாவது வாரம் பவளம் பசியில் துவண்டு கிடந்தது. பாசியைக் கூப்பிடலாம்தான். ஆனால் எந்த அலையோடு எங்கே போயிற்றோ.

அந்த வழியாக ஒரு மீன் வந்தது.

"அட, வீட்டுக்குப் பளிச்சுன்னு வெள்ளையடிச்சிருக்கீங்களே அக்கா! அடுத்து யார் குடிவர்றாங்க?"

மீன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. ஆயிரம் வாயில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.