பூச்சியத்துக்கு இடப்பக்கம்

“கணக்கே தப்பு டீச்சர்” என்றாள் எழில், சாக்பீஸைக் கீழே வைக்காமல்.

பத்தாம் வகுப்பு மொத்தமும் கரும்பலகையைப் பார்த்தது. வெள்ளிக்கிழமை, கடைசி பீரியட். வெளியே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் விற்பனைக் கமிட்டிக்கு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன.

தர்மவதி டீச்சர் இருபடிச் சமன்பாட்டை நடத்தி முடித்திருந்தார். புத்தகத்துக் கணக்குகள் எல்லோருக்கும் அலுத்துவிட்டன. ஆளுக்கொரு கணக்கை நீங்களே உண்டாக்குங்கள், பக்கத்து பெஞ்சு அதைப் போடட்டும் என்று சொல்லியிருந்தார்.

வகுப்பு அதைத் திருவிழாவாக்கிவிட்டது. செந்தமிழன் கோட்டை உச்சியிலிருந்து ஒரு பந்தை எறிந்து, அது எப்போது தரையைத் தொடும் என்று கேட்டான். அனு வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றி வேலி போட்டாள். விடை சரியாக வந்தபோதெல்லாம் கைதட்டல்.

எழிலுக்கு வாய்த்தது சுதர்சனா எழுதிய கணக்கு.

ஓர் அக்கா, ஒரு குழந்தை. அக்கா பதினைந்து வயது மூத்தவள். இருவர் வயதையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 197 வருகிறது. குழந்தையின் வயது என்ன?

எழில் குழந்தையின் வயதை x என்று வைத்தாள். அக்காவின் வயது x + 15. வர்க்கப்படுத்தினாள், கூட்டினாள், எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தாள்.

x² + 15x + 14 = 0.

காரணிப்படுத்தியதும் விடை வந்துவிட்டது. ஒன்று, −1. இன்னொன்று, −14.

ஒரு விடை குறை எண்ணாக வந்தால் கவலையில்லை. வயது குறை எண்ணாக இருக்காது என்று பக்கத்தில் எழுதி, அதை அடித்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே அப்படி வந்தால் எதை எடுப்பது?

செந்தமிழன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சுதர்சனா கணக்கில் தப்பு செய்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் இந்த வாரம் அவள் அவளாக இல்லை. கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கை தூக்குகிறவள், திங்கட்கிழமையிலிருந்து கணக்கு வகுப்பில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாதத் தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்த கோபம் என்று வகுப்பு பேசிக்கொண்டது.

டீச்சரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதும் கேட்கவில்லை. அவசரத்தில் எண் மாறியிருக்கும், 197-ஐ மாற்றிக்கொள்ளலாம் என்று எழிலிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பலகையைத் துடைக்கப் போனார்.

“அழிக்காதீங்க டீச்சர். கணக்கு சரியாத்தான் இருக்குது.”

சுதர்சனா எழுந்து நின்றிருந்தாள்.

டீச்சரின் கை அப்படியே நின்றது.

அவள் முன்னால் வந்து எழிலிடமிருந்து சாக்பீஸை வாங்கினாள். பலகையின் அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். நடுவில் பூச்சியம் போட்டாள். இது பிறந்த நாள் என்றாள். இதற்கு வலப்பக்கம் போனால் ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயது. இடப்பக்கமும் கோடு இருக்கிறதே, அங்கே யார் இருப்பார்கள் என்று வகுப்பைக் கேட்டாள்.

பின் பெஞ்சுகள் எட்டிப் பார்த்தன.

பூச்சியத்துக்கு இடப்பக்கம், −1 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

“அக்காவுக்கு இப்ப பதினாலு. குழந்த அடுத்த வருசம்தான் பொறக்கப் போவுது. இன்னும் வரலன்றதுக்காக அத அடிச்சிடக் கூடாது டீச்சர்.”

எழில் விரல் விட்டு எண்ணினாள். பதினான்கின் வர்க்கம் 196. −1-இன் வர்க்கம் 1. சேர்த்தால் 197. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. செந்தமிழன் பெஞ்சைத் தட்டினான்.

சத்தம் அடங்கியதும் அனு, −14 எங்கே போகும் என்று கேட்டாள். சுதர்சனா அதை யோசித்திருக்கவில்லை. அதை வேண்டுமானால் தள்ளிவிடலாம் என்றாள்.

தர்மவதி டீச்சர் பலகையில் சுதர்சனா இழுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்பீஸை வாங்கி, இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்தார்.

“இதையும் தள்ள வேணாம். அக்காவுக்கு அப்ப ஒரு வயசு. குழந்த வர்றதுக்கு இன்னும் பதினாலு வருசம் இருக்குது. அக்கா அப்பதான் செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கப் பழகறா.”

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது கணக்கில் எங்கே இருக்கிறது என்று அனு கேட்க, வகுப்பு மறுபடியும் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சுதர்சனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இரண்டு விடைகளுக்கும் பக்கத்தில் டீச்சர் பெரிதாகச் சரி போட்டார்.

மணி அடித்தது. பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள்.

திருத்த வேண்டிய நோட்டுக் கட்டை டீச்சர் மேசையிலிருந்து தூக்கப் போனார். அதற்குள் சுதர்சனா வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

“குடும்மா. இனிமே நீ வெயிட் தூக்காத.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் சேதியைக் கேட்டதும், இந்த வயசில் இது தேவையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அதற்கப்புறம் அம்மா என்று கூப்பிட்டது இப்போதுதான்.

தர்மவதி கட்டைக் கொடுத்துவிட்டு மகளுக்குப் பின்னால் நடந்தார். மாடிப்படிக்கு வந்ததும் சுதர்சனா இரண்டு படி முன்னால் இறங்கினாள். நோட்டுகளை ஒரு கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பி நின்று, மற்ற கையை அம்மாவுக்கு நீட்டினாள்.