நாரை கட்டிக் கொடுத்த மண்டபம்

ஏரிக்கரை ஆஸ்பத்திரியின் தலைமை அதிகாரியான நாரைக்கு, தான் படித்த வைத்தியக் கல்லூரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திறப்பு விழாவுக்குப் பறந்து வந்தது. உள்ளே படிக்க வந்த குஞ்சுகள் நிறைந்திருந்தன. ஆசிரியர் ஒருவரையும் காணோம்.

"எல்லாரும் எங்கே?" என்று கேட்டது நாரை.

கல்லூரி முதல்வரான ஆமை, "உங்க ஆஸ்பத்திரியிலதான். நல்ல இரை தரேன்னு ஒவ்வொருத்தரா நீங்கதானே கூப்பிட்டுக்கிட்டீங்க?" என்றது.

அவர்களைத் திருப்பி அனுப்பலாமென்றால், அங்கே வாசல்வரை நோயாளிகள் கிடந்தார்கள். நாரைக்கு முகம் செத்துப்போயிற்று.

"நீங்களாவது ஒரு பாடம் நடத்துங்க. நாம ஒண்ணாப் படிச்சப்போ நம்ம வகுப்புலயே கெட்டிக்காரர் நீங்கதான்," என்றது ஆமை.

நாரை மேடையேறியது. ஒரு குஞ்சு எழுந்து, "ஐயா, ஒடிஞ்ச சிறகை முதல்ல எந்தப் பக்கம் பிடிக்கணும்?" என்று கேட்டது.

நாரை அலகைத் திறந்தது. அதிகாரியானதிலிருந்து அது எந்தச் சிறகையும் தொட்டதில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாரும் நல்லாப் படிங்க," என்று சொல்லிவிட்டு இறங்கியது.

குஞ்சுகள் மகிழ்ந்து, கைதட்டுவதுபோலச் சிறகடித்தன. அந்தச் சத்தத்தை நாரையால் தாங்க முடியவில்லை.