கூரைக்குக் கீழே

மட்டாஞ்சேரியில் மிளகு மண்டியை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்த காசிம் ராவுத்தர், எறணாகுளத்தில் பௌதிகம் படிக்கும் மகள் சுல்ஃபத்திடம் கேட்டார்.

"மோளே, நீ வாசிச்ச கதையில கப்பல் வெளிச்சத்தையே முந்துமா?"

"கதையில முந்தும், அத்தா. நெஜத்துல எதுவும் முந்தாது."

"முந்திப் போயித் திரும்பிப் பாத்தா?"

"போன வருஷம் இங்கேர்ந்து கெளம்பின வெளிச்சம் கண்ணுல படும். போன வருஷத்து மட்டாஞ்சேரி தெரியும்."

"நம்ம வீடு?"

"ஓடு தெரியும். கூரைக்குக் கீழ இருந்தவங்க தெரியமாட்டாங்க. வெளிய வந்து நின்னவங்கதான் தெரிவாங்க."

ராவுத்தர் முற்றத்தைப் பார்த்தார். அவர் மனைவி ஹாஜரா வாசற்படி இறங்கியதே இல்லை. போர்ட் கொச்சிக் கடலை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கும்போதெல்லாம், "சீசன் கழியட்டும்" என்று தட்டிக் கழித்தவர் அவர்தான்.

திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"வந்தாளே மோளே! போன வருஷம் ஒரு நாள், பட்டப்பகல்ல, இந்த முற்றத்துக்கு உங்கம்மா வந்தாளே!"

சுல்ஃபத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வந்தாங்க, அத்தா. உசிரில்லாம, மய்யித்துக் கட்டில்ல. முகத்தை மூடித்தானே தூக்கிட்டுப் போனீங்க?"