பலகைக்கு ஒரே ஒரு சொல்

“அம்மான்னு போடுங்க சார்…”

“டீச்சர்னு போடுங்க…”

“நான் பேசிட்டிருக்கேன்ல அக்கா!”

“நீ காலையில இருந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கே.”

குமாஸ்தா பேனாவை மூடினார். அது அடக்கக் காரியங்களை எடுத்துச் செய்யும் நிலையத்தின் முன்னறை. பெட்டியின் தலைமாட்டில் வைக்கும் பலகையில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

“ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. பலகை எழுதுறவர் ஒரு மணிக்குக் கிளம்பிடுவார்.”

இளையவளின் கைக்குட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. கண்ணாடி போட்ட பெரியவளோ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

“இருபத்தாறு வருஷம் ஒரே வீடு, ஒரே அடுப்படி,” என்றாள் இளையவள். “கடைசி ஒரு வருஷம் ஊட்டி விட்டது, தலை வாரி விட்டது எல்லாம் நான். நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவீங்க, எதிர்ல கையைக் கட்டி உக்காருவீங்க, போயிடுவீங்க. உங்களுக்கு அவங்க டீச்சர். எனக்கு அம்மா.”

“நான் இல்லேன்னு சொல்லலையே.”

“பின்ன விட்டுக் குடுங்களேன்! பெட்டிக்குள்ள போயாவது ரிட்டையர் ஆகட்டும் அவங்க.”

“அவங்களா? ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதின சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, ‘கோழி கிளறின மாதிரி இருக்கு, திருப்பி எழுதிட்டு வா’ன்னாங்க. அந்த ஆளும் எழுதிட்டு வந்தார்.”

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

“முப்பத்தேழு வருஷம் பாடம் நடத்தினாங்க சார். நாளைக்கு வரப்போற கூட்டத்துல முக்காவாசி அவங்ககிட்ட அடி வாங்கினதுங்க. தூக்கத்துலகூட ‘கடைசி பெஞ்சு, என்ன பேச்சு’ன்னு அதட்டுவாங்க. அம்மான்னு போட்டா, யாரோட அம்மான்னு தேடுவாங்க.”

“ஊருக்கு நூறு டீச்சர் கிடைப்பாங்க அக்கா. அம்மா ஒருத்திதான்.”

அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்ததுபோல் கண்ணாடிக்காரி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். படிவத்தை மேசையில் திருப்பி வைத்தார்.

“இதுக்கு மேல நேரம் தாங்காதும்மா. எங்க விதி இதுதான்: பெத்த பிள்ளைங்கள்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். யார் போடறாங்களோ, அவங்க சொல்ற சொல்தான் பலகையில.”

பேனாவை இளையவளிடம் நீட்டினார். பாவம், அழுது அழுது முகம் வீங்கியிருந்தவள் அவள்தான்.

அவள் வாங்கவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“நான் மருமக சார். அவங்க பையன் நாளைக்குத்தான் வந்து சேர்றார்.”

நீட்டிய பேனா அப்படியே நின்றது. கண்ணாடிக்காரி எழுந்து வந்து அதை வாங்கினாள். ‘மகள்’ என்று அச்சடித்திருந்த இடத்துக்கு எதிரே, கோடு தாண்டாமல், குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டாள்.

“அப்ப நீங்க… டீச்சர்னே சொல்லிட்டிருந்தீங்களே?” என்றார் குமாஸ்தா.

“ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் அவங்க வகுப்புதான் எனக்கு. மத்த பிள்ளைங்க மாதிரிதான் கூப்பிடணும்னு கண்டிஷன். ஒரு தடவை வாய் தவறி வேற மாதிரி கூப்பிட்டு, ஒரு பீரியட் பூரா பெஞ்சு மேல நின்னேன். அப்புறம் வீட்டுலயும் வாய் வரல.”

மருமகள் விசும்புவதை நிறுத்தியிருந்தாள்.

“பலகையில என்னம்மா போட?”

அவர் கேட்டது காதில் விழவில்லையோ என்னவோ. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டி இருந்த உள்ளறைக்குப் போனாள். மூடிய கண்களுக்கு எதிரே போய் நின்று, பழக்கம் விடாமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

“இனிமேலாவது அம்மான்னு கூப்பிடலாமா, டீச்சர்?”